நடுவட்டத்தில் மாட்டிக்கொண்டேன்

அன்பு மைத்துனனுக்கு அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். அங்கே நீங்கள் எல்லோரும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகவே நலமாயிருக்க வேண்டும்.

நிற்க. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு உன் அக்கா மாடியை விட்டு இறங்குவதில்லை என்பது நீ அறிந்ததே. பால்கனி நாற்காலியே கதி. அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் வீட்டோடு கிடக்கிறேன். இந்த நிலைமையில், ஓவியம் சொல்லித்தரும் பெண் ஒருத்தி அக்கம்பக்கத்தாரைத் திரட்டிக்கொண்டு எங்கள் குடியிருப்பின் முன்னால் சிமெண்டுத் தரையில் நீலக் கோடுகளால் ஒரு சுற்றுப்பாதை வரைய ஆரம்பித்தாள். ஒரே பாதை. வளைந்து வளைந்து நடுவட்டத்துக்குப் போகும், அதே வழியில் திரும்ப வேண்டும். எந்த ஊருக்கும் போகாத பாதைக்கு எதற்கம்மா இத்தனை பெயிண்ட்? காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவன், கேட்காமல் இருப்பேனா? நேற்று இறங்கிப் போய் நேராக நடுவட்டத்தில் நின்று கேட்டேன். அவளும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள், நானும் பேசிக்கொண்டே இருந்தேன், பேசி முடித்துத் திரும்பினால், அக்கம்பக்கத்தார் அதற்குள் பெயிண்ட் அடித்துவிட்டதில் சுற்றிலும் கோடெல்லாம் ஈரம்!

“ஐயா, கோட்ட மிதிச்சுடாதீங்க, பாதையிலயே நடந்து வந்துடுங்க” என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் தாண்டித் தாண்டிப் போய்விட்டாள்.

நடந்தேன். வாசல் இதோ வந்துவிட்டது என்று நினைக்கிறபோது பாதை முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே திரும்புகிறது. தலை சுற்றி, எப்படித் திரும்பினேனோ, மறுபடி நடுவட்டத்திலேயே நிற்கிறேன். பால்கனியிலிருந்து உன் அக்கா, “எங்க போறீங்க? ஐயோ, அந்தப் பக்கம் இல்ல!” என்று கத்தினாள். அப்புறம் ஒரு சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! அதற்காகவே இன்னொரு தரம் தப்பாகத் திரும்பினேன், உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

நிமிர்ந்தால் பால்கனியில் ஆளில்லை. பார்த்தால் கைத்தடியோடு பாதைக்குள் வந்துகொண்டிருக்கிறாள்!

“வராதே, விழுந்துடுவே!”

“நீங்க ஆடாம நில்லுங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

பக்கத்து வளைவில் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து, “ஏன் இப்படி வேர்த்துப் போயிருக்கு?” என்று கேட்டுவிட்டு, பாதை வளைந்த வழியே எதிர்ப்பக்கம் போய்விட்டாள். சுற்றிச் சுற்றி வந்து ஒருவழியாக என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். இனி அவளைத் தினமும் நடக்க வைப்பது என் பொறுப்பு. நீ கவலைப்படாதே.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுறேன். கடுதாசிய ஒட்டச் சொல்லி அத்தான் எங்கிட்ட குடுத்தாரு, படிச்சுட்டேன். மத்தியானம் அவரு தூங்கினதும் நான் தினம் இறங்கிப் போயிட்டுதான் இருந்தேன். அந்த நீலக் கோட்டுல பாதி நான் போட்டது. வேலையிலேர்ந்து ஓய்வு பெத்ததுலேர்ந்து வாசலத் தாண்டாம கெடந்தது அவருதான். அவர நடுவுல நிறுத்திப் பேச்சுக் குடுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னதே நான்தான். இன்னிக்கு விடிஞ்சதும், “உனக்குக் கால் பழகணும், கெளம்பு”ன்னு செருப்ப மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. இன்னும் கொஞ்ச நாளைக்கு நொண்டலாம்னு இருக்கேன்.