கைடு முழுங்கிக்கு ஒரு கையெழுத்து

ஜல்லிக்கட்டுக் காளை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு கல்லூரிக்குள் புகுந்தபோதுகூட எங்கள் பேராசிரியர்கள் ஜன்னலில் நின்று வீடியோ எடுத்தார்கள். ஆனால் ஒரே ஒருத்தர் வந்தால் மட்டும் சைக்கிள் ஸ்டாண்டு வழியாக ஓடிவிடுவார்கள். ஒல்லி உடம்பு, படிய வாரிய தலை, வாட்ச்மேன் எதிரே வந்தால்கூட ஒதுங்கி வழிவிடுகிற பணிவு. அவருக்கும் அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்தது. புதுக்கோட்டையில் ‘கைடு முழுங்கி’ என்றால்தான் ஆளைத் தெரியும்.

தாவரவியலில் பிஎச்.டி. பண்ண வந்தவர். கோயில்காட்டு மரங்கள்தான் ஆராய்ச்சி. அன்னவாசல் பக்கம் சில ஊர்களில் அய்யனார் கோயிலைச் சுற்றி அந்தக் காலத்து மரங்கள் அப்படியே நிற்கும். உள்ளே செருப்புப் போடக் கூடாது, விழுந்த சுள்ளியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. இவர் இலையைப் பறித்து, காயவைத்து, அட்டையில் ஒட்டினார். கொஞ்ச நாளில் அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடு, நாங்களெல்லாம் பெரிய சார் என்று கூப்பிடுகிற மனிதர், காலையில் பேப்பரும் கையுமாகப் போய்ச் சேர்ந்தார். அடுத்து பொறுப்பேற்றவர் நல்ல திடகாத்திரமான ஆள், தினமும் பேட்மிண்டன் ஆடுவார். ஆடிக்கொண்டிருந்த இடத்திலேயே சாய்ந்தார். நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா? இலைக்கு ஒரு ஆள் என்று சாமி எடுக்குது என்றார்கள்.

கைடு மாறினால் ஆராய்ச்சி மாணவனுக்குப் பாதி உயிர் போன மாதிரி. தலைப்பிலிருந்து எல்லாவற்றுக்கும் மறுபடி அனுமதி வாங்க வேண்டும். இப்படி அலைந்ததிலேயே, மாசாமாசம் வந்துகொண்டிருந்த உதவித்தொகையின் காலம் முடிந்துபோனது. எழுதுவது மட்டும்தான் பாக்கி. அப்படி நிற்கிறவர்கள் உட்கார்ந்து எழுதி முடிக்கட்டும் என்று கடைசியாக ஒரு வருஷம் கொடுக்கிற உதவித்தொகை ஒன்று உண்டு. அதற்கு விண்ணப்பத்தில் கைடு கையெழுத்துப் போட வேண்டும். கைடுக்கு எங்கே போவார்? கிடைக்காவிட்டால் சிங்கப்பூரில் மச்சான் பார்த்து வைத்திருக்கிற வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான். அத்தனை வருஷ உழைப்பும் அந்தரத்தில் நின்றுபோகும்.

ஒரு பேராசிரியர், எனக்கு ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குதுய்யா என்று கைகூப்பினார். இன்னொருத்தர் ஜாதகத்தைக் காட்டிவிட்டுச் சொல்வதாகப் போனவர், ஆளையே காணோம். எல்லாரும் அறிவியல் டாக்டர்கள்! நானும் அதே துறையில் ஓய்வுபெறப் போகிற பேராசிரியர்தான்; என் வீட்டில் நான் வாயைத் திறக்கும் முன்பே, பென்ஷனைக் கொஞ்ச நாளாவது அனுபவித்துவிட்டு அப்புறம் தர்மகாரியம் பண்ணலாம் என்று உத்தரவு வந்துவிட்டது.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. செத்துப்போன கைடுகளைப் பற்றி அவர் செத்தவர்களாகப் பேசமாட்டார். மூன்றாவது அத்தியாயத்தை ஏன் பாதியாக வெட்டினீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். பெரிய சார் நேத்து நீளமா இருக்குன்னு சொன்னாங்க என்றார், கண்ணைச் சிமிட்டாமல். அதைவிடக் கொடுமை, வெட்டின பிறகு அத்தியாயம் அருமையாக இருந்தது.

ஒரு நாள் என் அறை வாசலில் வந்து நின்றார். கையெழுத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்று மேஜைக்கடியில் குனிந்து எதையோ தேடினேன். அவர் கேட்டது வேறு. சிங்கப்பூர் டிக்கெட் வந்துவிட்டதாம். காட்டில் எந்த மரம் எது என்று யாராவது ஒருத்தர் தெரிந்து வைத்துக்கொண்டால் நிம்மதியாகப் போவேன் என்றார். அதற்கும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மத்தியானம் போனோம். வெளியே வெயில் கொளுத்துகிறது, காட்டுக்குள்ளே விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருட்டு. ஒரு குருவிச் சத்தம் கிடையாது. உறவுக்காரர்களை அறிமுகப்படுத்துவது போல ஒவ்வொரு மரமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று நின்று தலையைச் சாய்த்தார். யாரோ காதோடு பேசினால் கேட்போமே, அப்படி. பக்கத்தில் யாருமில்லை.

“சார், கொஞ்சம் இங்கிட்டு வாங்க. பெரிய சார் அங்க நிக்க வேணாங்கிறாங்க.”

நகர்ந்தேன். இலை அசையவில்லை, காற்றே இல்லை. நான் நின்றிருந்த இடத்தில் என் தொடை கனத்துக்கு ஒரு கிளை வந்து விழுந்தது. அவர் மெதுவாக ‘தேங்க்ஸ் சார்’ என்றார். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

மரம் படித்தவர், உளுத்த கிளையை முன்கூட்டியே கவனித்திருப்பார் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியே ஸ்கூட்டரிடம் வந்ததும், அந்த விண்ணப்பத்தை எடுய்யா என்றேன். அவர் பையை மார்போடு இறுக்கிக்கொண்டார்.

“வேணாம் சார். நீங்களாச்சும் நல்லா இருங்க. இன்னொருத்தரைத் தூக்கிட்டுப் போக எனக்குத் தெம்பு இல்ல.”

இரண்டு கைடுகளின் பாடைக்கும் தோள் கொடுத்தவர் அவர். நாங்கள் அவரைப் பார்த்துப் பயந்த அத்தனை நாளும், இந்த மனிதர் எங்களுக்காகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

“ஒனக்கு கைடா இல்லாட்டியும் நான் ஒரு நாள் சாகத்தான்யா போறேன். அதுக்குள்ள நீ எழுதி முடி.”

பையைப் பிடுங்கி, விண்ணப்பத்தை ஸ்கூட்டர் சீட்டில் வைத்து, கைடு என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

உதவித்தொகை கிடைத்தது, டிக்கெட் ரத்தானது. அந்த வருஷம் அவர் ஆய்வேடு எழுதிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் என்னைக் காவல் காத்தார். எங்கள் குளியலறைக்கு வழுக்காத பாய் வாங்கிப் போட்டார். நான் மாடிப்படி ஏறினால் பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வருவார். நான் தும்மினால் போதும், ஆள் போவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று அன்றைக்கு எழுத்து பறக்கும். கடைசி அத்தியாயம் இழுத்தபோது என் மனைவி, சும்மாவாவது தும்முங்களேன் என்றாள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்றைக்கு ஹாலில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் இரண்டு நாற்காலிகளை அவரே துடைத்துப் போட்டிருந்தார். ஒருத்தரும் அதில் உட்காரவில்லை. வெளியூர்த் தேர்வாளர் குடைந்து குடைந்து கேட்ட ஒரு கேள்விக்கு இவருக்கு வாய் அடைத்துவிட்டது. அந்த நாற்காலிப் பக்கம் பார்த்தார், கொஞ்ச நேரம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் பதில் மடமடவென்று வந்தது. தேர்வாளரும் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தண்ணீர் கேட்டார்.

முடிந்ததும் ஆளாளுக்கு ‘டாக்டர், டாக்டர்’ என்று கைகொடுத்தார்கள். அவர் நேராக என்னிடம் வந்து, மணிக்கட்டைப் பிடித்து நாடி துடிக்கிறதா என்று பார்த்தார். அதற்கப்புறம்தான் அழுதார்.

எனக்கும் ஒரு நாள் அந்த வரிசையில் நாற்காலி போடத்தான் போகிறார், துடைத்துத்தான் போடுவார். அதனால் எனக்கு இப்போதெல்லாம் சாவைப் பற்றி அவ்வளவாகப் பயமில்லை.