சிவப்புக் கோடு

“சட்டிய நகத்த விடமாட்டேன்னா விடமாட்டேன், அவ்ளோதான் லா!”

“அக்கா, நான் சொல்லல, கம்ப்யூட்டர்…”

“கம்ப்யூட்டரா வந்து முறுக்கு பொரிக்கப் போகுது? திங்கக்கெழம லேபிள் அலமாரிய நகத்தின. நேத்து மாவு மெஷின நகத்தின. இன்னிக்கு என் சட்டியா? நாளைக்கு என்னையும் தூக்கி…”

“சொல்றத முழுசா கேளுங்கக்கா!”

“நீ மொதல்ல கேளு!”

லூனாஸ் ஊரோரத்து முறுக்குத் தொழிற்சாலையில், எண்ணெய்ச் சட்டிக்கு இந்தப் பக்கம் ஷாமளா மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் ஜல்லிக்கரண்டியும் கையுமாகக் குணசுந்தரி. பதினெட்டு வருஷமாய் அந்தச் சட்டிக்கு அவள்தான் ராணி.

ஷாமளா வேலைக்குச் சேர்ந்து வெள்ளிக்கிழமையோடு மூன்று மாதம் முடிகிறது. “பெக்டரிய ஒழுங்குபடுத்திக் காட்டு, நிரந்தரம் பண்றேன். இல்லேன்னா வேற எடம் பாத்துக்கம்மா” என்று முதலாளி மனோகரன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தீபாவளி நெருங்குகிறது. அதே வெள்ளிக்கிழமை பினாங்கு லாரி வரும்போது ஐயாயிரம் பாக்கெட் தயாராக இருக்க வேண்டும். ஷாமளாவின் அம்மாவோ, மகள் நிரந்தரமாகிவிட்டாள் என்று கோயிலில் பாதிப் பேருக்குச் சொல்லி முடித்துவிட்டாள்.

ஷாமளா செய்ததும் தப்பான காரியமில்லை. ஐந்து பெண்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு பொத்தான் கொடுத்தாள். அவர்கள் எங்கே நடந்தாலும் அது கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். கம்ப்யூட்டர் தொழிற்சாலையைப் படம் போட்டு, நடை அதிகமான வழியைச் சிவப்பாய்க் காட்டும். அப்புறம் அதுவே மெஷின்களைப் படத்துக்குள் ஆயிரம் விதமாக இடம் மாற்றிப் பார்த்து, எது எங்கே இருந்தால் நடை குறையும் என்று சொல்லிவிடும்.

ஐந்தில் நாலு பொத்தான்கள், மாவு ஒட்டுகிறது என்று முதல் நாளே லாக்கருக்குள் போய்விட்டன. பாக்கெட் மேசை அழகம்மா மட்டும்தான் கொடுத்ததைக் கழற்றாமல் குத்திக்கொண்டிருந்தாள். படத்தில் அவள் மேசையிலிருந்து பின்பக்க லேபிள் அலமாரிவரை ரத்தச் சிவப்பாய் ஒரு கோடு. ஒரே நாளில் ஐம்பத்திரண்டு நடை!

“ஐயோ பாவம், அம்பத்தெட்டு வயசுல இவ்ளோ நடையா!” என்று பதறிப்போன ஷாமளா, திங்கட்கிழமை அலமாரியை அழகம்மாவின் முதுகுக்குப் பின்னாலேயே கொண்டுவந்து வைத்தாள்.

கோடு மறையவில்லை. மாவு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டது. சரியென்று செவ்வாய்க்கிழமை மாவு மெஷினும் வந்து சேர்ந்தது. மாவு பறந்து பாக்கெட் வாயில் படிந்ததில், பாதிக்குப் பாதி சீல் ஒட்டவில்லை. கோடு இப்போது குணசுந்தரியின் சட்டியை நோக்கி ஓடியது.

“நான் கண்ணால பாத்தேன்” என்றாள் குணசுந்தரி, சட்டியை மறித்து நின்றபடி. “ஒரு கட்டு லேபிளுக்கு ஒரு நட போறா அந்தம்மா. பத்துக் கட்ட சேத்துத் தூக்கினா ஆவாதா? ஏன்னு அவள ஒரு வார்த்த கேட்டியா?”

“ஆளக் கேட்டா ஆளுக்கு ஒன்னு சொல்வாங்கக்கா. கோடு பொய் சொல்லாது.”

“என் சட்டி அங்க வந்தா சூட்டுல என்னா ஆவும்னு உன் கோட்டுக்குத் தெரியுமா?”

கோட்டுக்குத் தெரியவில்லை. முதலாளியின் உத்தரவோடு புதன்கிழமை மத்தியானம் சட்டியும் நகர்ந்தது. வியாழக்கிழமை காலையில் பிளாஸ்டிக் பைகள் சூட்டில் சுருண்டன. ஆறாமல் கட்டிய முறுக்கெல்லாம் பாக்கெட்டுக்குள்ளேயே வியர்த்து நமத்துப்போயிற்று. ஸ்டோர்காரர் முருகையா மாவு மெஷினுக்கும் அலமாரிக்கும் நடுவில் வயிறு மாட்டிக்கொண்டு, “அடோய், யாராச்சும் இழுங்களேன்!” என்று கத்தினார்.

பத்து மணிக்குத் தேநீர் வந்தது. எல்லாரும் உட்கார்ந்து பால் தேநீரை உறிஞ்சினார்கள்.

“எனக்கு தே ஓ கோசோங். பாலும் வேணாம், சீனி ஒரு பொட்டுகூட வேணாம்” என்று வாங்கிய அழகம்மா, நின்றபடியே குடித்துவிட்டு எங்கேயோ நழுவினாள்.

ஷாமளா படத்தைத் திறந்தாள். சிவப்புக் கோடு பின்வாசலைத் தாண்டி வெளியே போய், லாரிக் கொட்டகையை ஏழு சுற்று சுற்றியிருந்தது. கம்ப்யூட்டர் பத்து நிமிஷம் யோசித்துவிட்டு முடிவு சொன்னது: பாக்கெட் மேசையை லாரிக் கொட்டகைக்கு மாற்றவும்.

மாற்றினாள். மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. நனைந்த மேசையை மறுபடி உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது, முதலாளியும் வந்தார். ஐயாயிரத்தில் ஆயிரத்து எண்ணூறுதான் தேறியிருந்தது. மனோகரன் நாலாபுறமும் பார்த்தார்.

“என்னாம்மா இது? பெக்டரியா, பாசார் மாலாமா? ராத்திரிச் சந்த மாதிரி கெடக்கு!”

“பாஸ், இந்தக் கோட்டப் பாருங்க. எதக் கிட்டக் கொண்டாந்தாலும் நட குறைய மாட்டேங்குது.” ஷாமளா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

“யாரோட நட?”

“அழகம்மா அக்கா.”

“கூப்பிடு.”

“நானும் இதத்தானே புதன்கெழமையே சொன்னேன்” என்று குணசுந்தரி கரண்டியால் சட்டியைத் தட்டினாள்.

அழகம்மா வேலியோரத்திலிருந்து மூச்சு வாங்க வந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அழகம்மா, ஒங்களுக்காக இந்தப் புள்ள பெக்டரியவே தலகீழாக்கிடுச்சு. எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. இன்னும் எங்கதான் போறீங்க?”

அழகம்மா ஷாமளாவை ஒரு பார்வை பார்த்தாள். அஞ்சு நாளாய் அடக்கி வைத்த கோபமெல்லாம் அதில் இருந்தது.

“தெனம் பத்தாயிரம் ஸ்டெப்பு நடந்தாத்தான் ரத்தத்துல இனிப்பு நீர் எறங்கும்னு கிளினிக் டாக்டர் சொல்லிட்டாரு முதலாளி, நானும் தூரமா ஒரு எடம் பாத்துப் பாத்து நடக்கிறேன், இந்தப் புள்ள என்னான்னா நான் நடக்கிற எடத்தையெல்லாம் தூக்கியாந்து என் காலடியிலேயே வெக்குது; நீங்களாச்சும் கொஞ்சம் சொல்லக் கூடாதா?”