தாம்பூலப் பையில் பதினோரு தேரைகள்

“...அப்ப தேரை மரமேறி, மட்டையைக் கிழிச்சு, ஓட்டுக்குள்ள பூந்து, பருப்பைத் தின்னுட்டு, வந்த ஓட்டையையும் அடைச்சுட்டுப் போயிருச்சா மாப்ள? மரத்துக்குச் சத்துப் பத்தலைன்னா காய் அப்புடித்தான் இருக்கும்!”

வத்தலக்குண்டு பஸ்ஸில், அத்தனை பேர் முன்னால் என் மாமியார் கேட்ட கேள்வி. அப்போது நான் இருக்கையில் இல்லை. இருக்கைக்கு அடியில் தேரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுவீட்டு விருந்துக்குப் போன இடம். சாமி கும்பிட என் கையால் உடைத்த தேங்காயில் பருப்பே இல்லை. “தேரை விழுந்த காய்” என்றார் மாமனார். எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். புது மாப்பிள்ளையின் கைராசி இவ்வளவுதானா என்று அந்தப் பார்வை கேட்டது. (எனக்குத்தான் அப்படிக் கேட்டது. மற்றவர்கள் இட்லிக்குக் காத்திருந்திருக்கலாம்.)

திண்டுக்கல்லில் செல்போன் கடை வைத்திருப்பவனுக்குத் தென்னையைப் பற்றி என்ன தெரியும்? தேரைதான் பருப்பைத் தின்றிருக்கிறது என்று நம்பிவிட்டேன். மறுநாள் காலை மாமனார் வீட்டுக் கிணற்றடித் தொட்டியைச் சுற்றித் தேரை வேட்டை. பதினோரு பேர் கைது. தொலைவில் ஏதாவது கண்மாயில் விட்டுவிடலாமென்று, கைக்கு அகப்பட்ட பையில் போட்டு பஸ் ஏறினேன். முன் இருக்கையில் அத்தை கத்தரிக்காய்க் கூடையோடு சந்தைக்குப் போவதைக் கவனிக்கவில்லை.

பையிலிருந்து எகிறிய முதல் தேரை ஒருவரின் வழுக்கையில் போய் இறங்கியது. அடுத்த நிமிடம் பஸ்ஸே எழுந்து நின்றது. கண்டக்டர் பையைத் தூக்கிப் பிடித்துச் சத்தமாகப் படித்தார்.

“செல்வக்குமார் – தமிழரசி திருமண விழா. யாருப்பா இந்தச் செல்வக்குமாரு?”

(எங்கள் கல்யாணத் தாம்பூலப் பை!)

அத்தை திரும்பிப் பார்த்தார். “தேங்காயைக் கெடுக்குதுன்னுதான் அத்தை...” என்று இழுத்தேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. கேட்ட கையோடு மற்றவர்களிடம் திரும்பினார்.

“மிதிச்சிராதீகப்பா! இதுக இருக்கப்போயித்தான் எங்க செடியில பூச்சி மட்டுப்படுது. டிரைவர் தம்பி, செத்த நேரம் நிப்பாட்டுங்க.”

இன்றும் வீட்டில் யார் தேங்காய் உடைத்தாலும், “முதல்ல மாமா பையைச் சோதனை போடுங்க” என்பாள் மைத்துனி. தண்ணீரில் விழுந்த தேரைகள் ஏறி வெளியே வரட்டுமென்று பிற்பாடு அந்தத் தொட்டிக்குள் கல் அடுக்கியவனும் நான்தான். அதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

நான் நன்றியோடு நினைப்பது வேறொன்றை. பதினொன்றும் பைக்குள் வந்ததும் அத்தை சந்தையை விட்டுவிட்டு இறங்கினார். தன் குடிதண்ணீரைப் பைக்குள் தெளித்தபடி என்னோடு நடந்தே திரும்பினார். தொட்டியடியில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டார். பிறகு குவியலிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து, தட்டிப் பார்த்து, என்னிடம் நீட்டினார்.

“உடைங்க மாப்ள.”

உடைத்தேன். வெள்ளை வெளேரென்று பருப்பு.

“எம் மாப்ள கைராசிக்காரருடியோவ்!” என்று வீட்டுக்குள் கேட்கும்படி கூவிவிட்டு, முதல் சில்லைக் கீறி, தேரை வாடை போகாத என் உள்ளங்கையிலேயே வைத்தார்.