சம்பந்திக்கு முன்னால் கவிழ்த்த பெட்டி

முழுக் கிண்ணத்தையும் ஊற்றிய பிறகுதான் யசுஜிக்கு உறைத்தது. வஞ்சிர மீன் துண்டுகள் ஊறிய வினிகர் அது. பாதி போதும் என்று மனைவி மிட்சுயோ சொல்லிவிட்டுத்தான் போனாள். மரத்தொட்டியில் கொதிக்கக் கொதிக்கக் கிடந்த சோற்றிலிருந்து ஆவி எழுந்து மூக்கில் ஏறியது. ஒரு வாய் தின்று பார்த்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

கடலில் சிப்பி வளர்க்கும் தெப்பத்தில் கயிறு இழுத்தே முதுகு வளைந்த மனிதர். அடுப்படிப் பக்கம் போனதில்லை. எல்லாம் வாயால் வந்த வினை. மகள் சிசாதோவை டோக்கியோவில் பேசி முடித்தபோது, சுஷி என்றால் டோக்கியோதான் என்று சம்பந்தி குராமோச்சி போனில் சொல்லிவிட்டார். யசுஜிக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஒகயாமாவுக்கு வந்து, வினிகர் சோற்றில் மீனும் காயும் சேரும் பராசுஷி சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள், என் கையாலேயே செய்து போடுகிறேன் என்று சவால் விட்டார்.

இன்று சம்பந்தி மகனோடு வருகிறார். மிட்சுயோவும் மகளும் அவர்களை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தார்கள்.

புளிப்பை அடக்கச் சர்க்கரை போட்டார். பாயசமாகிவிட்டது. உப்பு போட்டார். அது வேறு எதுவோ ஆனது. இன்னொரு பானைச் சோறு ஆக்கிக் கொட்டிக் கலந்தார். ஒவ்வொரு தடவையும் சூட்டோடு ருசி பார்த்ததில் நாக்கு மரத்துப் போயிற்று.

சோறு பெருகிவிட, இறாலும் கடல் விலாங்கும் தாமரைக்கிழங்கும் காளானும் பற்றவில்லை. எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கி மரப்பெட்டியின் அடியில் பரப்பினார். மேலே சோற்றை அமுக்கி மூடினார்.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. குடிகள் ஒரு குழம்பு, ஒரு கறிக்கு மேல் தின்னக்கூடாது என்று எந்தக் காலத்திலோ ஒரு பிரபு உத்தரவு போட்டாராம். அன்றிலிருந்து கறியெல்லாம் அடியில், வெள்ளைச் சோறு மேலே. விருந்தாளி முன்னால்தான் பெட்டியைக் கவிழ்ப்பார்கள்.

பக்கத்து வீட்டு சதாயே அக்கா வீட்டிலும் இன்று பராசுஷி. தெருவில் அவர் கைக்கு இருந்த பேர் வேறு யாருக்கும் இல்லை. யசுஜி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறமாகப் போனார்.

"அக்கா, மூடியில எங்க வீட்டு முத்திரை இருக்கு. அதனால பெட்டி இதுவே இருக்கட்டும். உள்ள இருக்கறத எடுத்துட்டு உங்க சோத்த வச்சுக் குடுங்க."

"ஏன், இதுக்கு என்ன?"

"தின்னா சம்பந்தி கல்யாணத்தையே நிறுத்திருவாரு."

"வெளிய நில்லு. ஆம்பள பக்கத்துல நின்னா எனக்குக் கை ஓடாது."

கொஞ்ச நேரத்தில் பெட்டி திரும்பி வந்தது. திறந்து பார்த்தார். மேலே வெள்ளைச் சோறு. எந்த வீட்டுப் பெட்டியும் மேலே அப்படித்தான் இருக்கும். நிம்மதியாக மூடினார்.

குராமோச்சி வந்து உட்கார்ந்தார். பெட்டியை எட்டிப் பார்த்தவர், வெறும் சோறுதானா என்று கேட்டுவிட்டு மகனைப் பார்த்துச் சிரித்தார்.

யசுஜி பெரிய தட்டில் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஒரு தட்டு தட்டி, மெல்லத் தூக்கினார். சிவப்பும் வெள்ளையும் பழுப்புமாக வசந்தகாலக் கடல் முழுக்க அந்தத் தட்டில் இருந்தது. சம்பந்தியின் சிரிப்பு நின்றது.

அவர் தின்றார். கிண்ணத்தை நீட்டினார். மறுபடியும் நீட்டினார். கடைசியில் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுத் தலையைத் தாழ்த்தினார்.

"நான் போன்ல பேசினது தப்பு சம்பந்தி. ஒவ்வொரு வாயிலயும் எல்லாம் வருது. எங்க ஊர்ல இது கெடையாது."

மிட்சுயோ புருஷனைப் பார்த்த பார்வையில் அத்தனை பெருமை. அதைத்தான் யசுஜியால் தாங்க முடியவில்லை.

"இது என் கையில்ல," என்றார். "பக்கத்து வீட்டு அக்கா செஞ்சது. என்னோடது வாயில வைக்க முடியல. ஆனா அக்காவும் இந்த ஊருதான். அதனால நீங்க தோத்தது தோத்ததுதான்."

அந்த அம்மாவை உடனே பார்க்க வேண்டும் என்று குராமோச்சி பிடிவாதம் பிடித்தார். சிசாதோ ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி வந்த சதாயேவுக்கு, சம்பந்தி பாயில் நெற்றி படக் கும்பிட்டார்.

சதாயே தட்டைப் பார்த்தார். யசுஜியைப் பார்த்தார்.

"எனக்கெதுக்குக் கும்பிடு? என் சோறுதான் இன்னிக்குக் கொழஞ்சு போச்சே. இவன் பெட்டியில ஆறின சோத்துல ஒரு வாய் தின்னு பாத்துட்டு, அப்படியே மூடிக் குடுத்துட்டேன். மிச்சம் இருந்தா எனக்கும் ஒரு கிண்ணம் போடச் சொல்லுங்க."