முதலாளிக்குக் கொடுத்த எதிர்க் கரண்ட்

புதுக்கோட்டையில் இரும்புக்கு வக்காலத்து வாங்கிய ஒரே மனிதர் டைனமோக்காரர்தான். மனிதர்களுக்காகப் பேச அவருக்கு நேரம் வாய்த்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு தனியார் பஸ் ஷெட்டில் நான் கிளீனர். மூன்று ஊர்களிலிருந்து துரத்தப்பட்டு அங்கே வந்திருந்தேன். படுக்கை பஸ்ஸுக்குள். சாப்பாடு, கிடைத்த அன்றைக்கு. டைனமோக்காரர் அங்கே எலக்ட்ரீஷியன். அவருக்கும் வீடு அந்த ஷெட்தான். சொந்தப் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

பேட்டரிக்குக் கரண்ட் ஊட்டும் டைனமோவைப் பழுது பார்த்துப் பஸ்ஸில் மாட்டியதும் பேட்டரி ஒயரால் அதை ஒரு நொடி தொடுவார். உள்ளே இரும்பில் கொஞ்சம் காந்தம் தங்கினால்தான் அது கரண்ட் கொடுக்கும்.

"ஒயரை எடுத்துட்டாலும் இரும்பு பழசை விடாதுப்பா. அதை எறக்கணும்னா எதிர்ப்பக்கமாக் கரண்ட் கொடுக்கணும். அதுவும் அளவா. கூடிப்போச்சு, அந்தப் பக்கமாப் புடிச்சுக்கிரும்" என்பார். கேட்டவர்கள் டீயை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஒருநாள் டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டே ஒயரை மாற்றித் தொட்டுவிட்டார். காந்தம் தலைகீழாக ஏறி, பேட்டரி வடிந்து, கல்யாண பஸ் அன்னவாசல் தாண்டி நின்றுவிட்டது. மாப்பிள்ளையே மாலையோடு இறங்கித் தள்ளினார். தள்ளிய வேகத்தைப் பார்த்தால் அவருக்கு அப்படியொன்றும் அவசரம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"யோவ், நாளைக்கே ஒம் பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிரு" என்றார் முதலாளி.

போக்கிடம் இல்லாத மனிதர் டைனமோக்காரர். "மன்னிப்புக் கேட்டுப் பாருங்கண்ணே" என்றேன்.

"மன்னிப்புங்கறது சுவிட்சை அணைக்கிற மாதிரி. கோவம் உள்ளயே தங்கிக்கிரும். எதிர்க் கரண்ட்தான் கொடுக்கணும்."

மறுநாள் முதலாளி முன்னால் நின்று புகழ ஆரம்பித்தார். நடை, நிர்வாகம், வழுக்கை, எதையும் விடவில்லை. கோபம் இறங்கியதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முதலாளி உச்சி குளிர்ந்து, "இம்புட்டு வெவரமான ஆளு கையில கரி படலாமா?" என்று ஆபீசில் தன் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துவிட்டார். வேலை, முதலாளி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது. ஷெட்டுக்கு வேறு ஆள் வந்தான். அவன் டைனமோவைச் சுத்தியலால் தட்டிக் கழற்றினான். ஒவ்வொரு தட்டுக்கும் இவர் ஸ்டூலில் துள்ளினார்.

ஒரே வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

"கூடிப்போச்சுப்பா. திருப்பி எறக்கணும்."

"அளவா எறக்குங்கண்ணே."

"எனக்கேவா சொல்றே?"

முதலில் நிர்வாகத்தில் லேசாக ஒரு குறை சொன்னார். முதலாளி சிரித்தார். போதவில்லை என்று வழுக்கைக்கு வந்தார். அதற்கும் சிரித்தார். பிறகு முதலாளியின் மாமியார் வீட்டைத் தொட்டார்.

பெட்டி தெருவில் வந்து விழுந்தது.

"நான் சரியாத்தான் கொடுத்தேன். மனுசன் மட்டமான இரும்பு" என்றவர், அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தபடி நின்றார். எந்தப் பக்கம் போவதென்று அவருக்குத் தெரியவில்லை.

பெட்டிக்கு இரண்டு கைப்பிடிகள். ஒன்றை நான் பிடித்துக்கொண்டேன்.