பதினேழாம் நம்பர் கார்டு

அட்டையில் இருபத்திரண்டு ஜன்னல்கள் வெட்டியாகிவிட்டன. கையில் இருந்த கார்டுகள் பத்துதான்.

ஃபிரேம் கடைக்காரர் அட்டையைச் சுவரில் சாய்த்துவைத்துத் தள்ளி நின்று பார்த்தார். கிட்டத்தில் வந்தும் பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் மீதி பன்னிரண்டும் ஓட்டையாகத்தான் தெரிந்தன.

"முழு செட் இருக்குன்னு எதுக்கு கிளப்புக்குப் போன் பண்ணீங்க?" என்றாள் மனைவி.

"வாய் தவறி வந்துடுச்சு."

"வாய் தவறினா ஒரு வார்த்தை தவறும். நீங்க பேரு, விலாசம், என்னிக்கு வருவோம்னு எல்லாம் தவறியிருக்கீங்க."

அவர் கத்தியைத் துடைத்தார்.

நீலச்சட்டை கால்பந்து கிளப்புக்கு நூறு வயது ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கண்காட்சி. கிளப் கோப்பையை ஜெயித்த வருஷம், ஆட்டக்காரர்களின் படம் போட்ட சின்னச் சின்னக் கார்டுகள் டீத்தூள் பாக்கெட்டுக்குள் வந்தன. அந்தக் கார்டுகளை முழு செட்டாகக் கொண்டுவருபவரின் பெயரை எழுதி, செட்டை வாசலிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதாக கிளப் அறிவித்திருந்தது.

"யார் பேரைக் குடுத்தீங்க?"

"ரெண்டு பேர் பேரையும்" என்றார் அவர், கத்தியிடம் சொல்வதுபோல.

மனைவி கூரையைப் பார்த்தாள். இரண்டாவது பேர் கூரைக்கு மேலே, மாடியில் குடியிருந்தது. அவருடைய அண்ணன்.

சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து சேர்த்த கார்டுகள் அவை. வீட்டில் குடிப்பதற்கு ஆளில்லாமல் டீத்தூள் டப்பா டப்பாவாகக் கிடந்தது. எல்லாம் கிடைத்தன, பதினேழைத் தவிர. பதினேழாம் நம்பர், இடது ஓரத்தில் ஓடும் 'காத்தாடி'. அந்தக் கார்டைப் பார்த்தவர் யாரும் இல்லை. பார்த்தவரைப் பார்த்தவர்கள் மட்டும் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள்.

ஒருநாள் அண்ணன் தனியாக ஒரு பாக்கெட்டைப் பிரித்து, எதையோ சட்டைப் பையில் செருகியதைத் தம்பி பார்த்துவிட்டார். அதற்குப் பதிலடியாக, "பதினேழு எங்கிட்ட இருக்கு" என்று தம்பி பள்ளிக்கூடத்தில் அளந்துவிட, அது அண்ணன் காதுக்குப் போனது. நீதான் திருடன், இல்லை நீதான் திருடன் என்று ஆகி, செட் இரண்டாகப் பிரிந்தது. இரட்டைப்படை அண்ணனுக்கு. ஒற்றைப்படை தம்பிக்கு.

அதோடு போயிருக்கும். ஆனால் தம்பி கல்யாணத்தில், பெண்வீட்டார் முன்னால், "எதுக்கும் நகையைப் பூட்டி வையுங்க, மாப்பிள்ளை கார்டையே விடமாட்டான்" என்று அண்ணன் ஒரு ஜோக் அடித்தார். அதுதான் அண்ணன் தம்பியைப் பற்றிப் பேசிய கடைசி ஜோக். தம்பியிடம் பேசிய கடைசிப் பேச்சும் ஏறக்குறைய அதுதான்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஊருக்கே ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுப்பவர். தான் மட்டும் ஒருநாளும் பின்வாங்கியதில்லை. டி.வி.யில் நீலச்சட்டைக்காரர்கள் கோல் போட்டால் மாடியில் தொம்மென்று தரை அதிரும். உடனே கீழே தம்பி நாற்காலியைக் கரகரவென்று இழுப்பார். இத்தனை வருஷமாக இருவருக்கும் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். கிளப் தோற்கும் மாதங்களில் அதுவும் இல்லை.

"நீ போய் உங்க அக்காகிட்ட பக்குவமாக் கேளு" என்று மனைவியை மாடிக்கு அனுப்பினார். அண்ணிக்கும் இவளுக்கும் எந்தச் சண்டையும் கிடையாது.

மனைவி திரும்பி வந்தாள். "முதல்ல பதினேழைக் குடுக்கச் சொல்லு, மத்ததை அப்புறம் பேசலாம்ங்கிறார்."

"அது அவன்கிட்டதானேடி இருக்கு!"

மனைவி படிக்கட்டுப் பக்கம் தலையை நீட்டினாள். "அக்கா! அது உங்க வீட்டுலதான் இருக்காம்!"

மாடியில் கதவு அறைந்து மூடியது. சுவரில் சாய்ந்திருந்த அட்டை கீழே விழுந்தது.

"பக்குவமான்னு சொன்னேனே" என்றார் அவர்.

அடுத்து, பக்கத்துக் கடைக் கண்ணாடிக்காரரைப் பிடித்தார். மூக்குக் கண்ணாடி விற்பவர். பேச்சில் தேன் ஒழுகும். பழைய கார்டுகளில் ஆசை உள்ளவர்போல மாடிக்குப் போய், இரட்டைப்படைகளை இரவல் வாங்கிவர வேண்டும் என்று ஏற்பாடு.

போனவர் போனவர்தான். வெகுநேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"உங்க அண்ணன் தங்கமான மனுஷன்ங்க."

"கார்டு?"

"பட்டுத்துணியில சுத்தி வச்சிருக்கார். நம்பர் நம்பரா எடுத்துக் காட்டினார். நடுவுல உங்க பேரு வந்ததும் கார்டை அப்படியே கீழ வச்சுட்டார். பாவம், அந்தப் பதினேழை நீங்க குடுத்துடலாம்."

"யோவ், நீ யார் பக்கம்?"

"போகும்போது உங்க பக்கம்தாங்க போனேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "சனிக்கிழமைக்குள்ள அதை வாங்கித் தர்றதா அவருக்கு வாக்கு வேற குடுத்துட்டேன்."

தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கையை எடுத்தார். அண்ணன் கேட்பது பதினேழை. பதினேழைக் கொடுத்தால் இரட்டைப்படைகள் கீழே வரும். பதினேழு கையில் இல்லை என்பது மட்டும்தான் குறை. ஃபிரேம் கடைக்காரருக்கு அட்டை கிடைக்காதா, கத்தரிக்கத் தெரியாதா?

பழைய பத்திரிகை ஒன்றில் டீமின் குரூப் போட்டோ இருந்தது. அதிலிருந்து காத்தாடியை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி அச்சடித்தார். புத்தம்புதுசாகப் பளபளத்தது. பழசாக்க டீத்தண்ணீரில் நனைத்தார். காத்தாடி அடுப்பில் விழுந்தவர்போல ஆனார். இன்னொன்று செய்தார். காயவைத்தபோது அது அப்பளமாகச் சுருண்டது. மூன்றாவதைத் துணிக்கடியில் வைத்து இஸ்திரி போட்டார்.

"என் துணிக்கு ஒருநாள் இஸ்திரி போட்டிருக்கீங்களா?" என்றாள் மனைவி.

"உன் துணி கோப்பையை ஜெயிச்சிருக்கா?"

சனிக்கிழமை மத்தியானம் கண்ணாடிக்காரர் கார்டை மாடிக்கு எடுத்துப் போனார். தம்பி கீழே நின்று காது கொடுத்தார். மாடியில் ஒரு சத்தமும் இல்லை. திட்டு இல்லை, கதவு அறையவில்லை. பிறகு படிக்கட்டில் காலடி கேட்டது. கண்ணாடிக்காரரின் செருப்புச் சத்தம் அல்ல அது.

அண்ணன் வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் பட்டுத்துணிப் பொட்டலம், இன்னொரு கையில் பதினேழு. தலைமுடி இவ்வளவு நரைத்திருக்கும் என்று தம்பி எதிர்பார்க்கவில்லை. மேலும் கீழும் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமலிருக்க அத்தனை கவனமாக இருந்திருக்கிறார்கள்.

"திருடனைப் பிடிச்சதும் குதிப்பேன்னு நெனச்சிருந்தேன்" என்றார் அண்ணன். "குதிக்கத் தோணலடா. எத்தனை தடவை பாதிப்படி வரைக்கும் இறங்கி வந்திருக்கேன் தெரியுமா?"

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் இந்தக் கார்டை நம்புகிறார். அப்படியானால் அசல் அவரிடம் இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை.

"அன்னிக்கு சட்டைப் பையில என்னண்ணே வச்ச?"

"அப்பாவோட சிகரெட். அதை விடு. நீதானே எடுத்தே? ஒரு தடவை உன் வாயால சொல்லிடு, போதும்."

உண்மையைச் சொன்னால் அண்ணன் அப்படியே திரும்பிப் படியேறிவிடுவார். பொய்யைச் சொன்னால் ஆயுசுக்கும் திருடன். தம்பி ஒருமுறை படிக்கட்டைப் பார்த்தார்.

"ஆமாண்ணே. நான்தான் எடுத்தேன்."

சமையலறையில் ஒரு டம்ளர் கீழே விழுந்து வெகுதூரம் உருண்டது.

அண்ணன் கார்டுகளை நம்பர் சொல்லி நீட்ட, தம்பி ஒவ்வொன்றாக ஜன்னலில் பொருத்தினார். இருவரும் எதிரெதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பதினேழை மட்டும் அண்ணன் சுலபத்தில் விடவில்லை.

"என்னடா, விரல்ல பழுப்பு ஒட்டுது?"

"பழைய கார்டுண்ணே. வேர்க்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபிரேமை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அண்ணன் நின்று சொன்னார். "என் தம்பி. திருட்டுப் பய. ஆனா எவ்வளவு பத்திரமா வச்சிருந்தான் பாருங்க!" தம்பி ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த முகத்தில் சிரிப்பு இருந்தது. வழி இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

மைதான வாசலில் ஒரு அம்மாள் மேஜைபோட்டு, வந்த பொருள்களைச் சரிபார்த்துச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். வேலை மும்முரத்தில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"முழு செட்டா சார்?"

"இருபத்திரண்டும்!" என்றார் அண்ணன், வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. "யாருக்குமே கெடைக்காத பதினேழு உள்பட. சின்ன வயசுல இவன் எனக்குத் தெரியாம திருடினது."

அந்த அம்மாள் ஃபிரேமின் மேல் குனிந்தாள். ஒரு முனையை அண்ணன் பிடித்திருந்தார், மறுமுனையைத் தம்பி பிடித்திருந்தார். அவள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி இறக்கி, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பதினேழா? எல்லாருக்கும் செட் முடிஞ்சுட்டா அப்புறம் டீத்தூள் யார் வாங்குவாங்கன்னு, கம்பெனிக்காரங்க அந்தக் கார்டை அச்சடிக்கவே இல்லையே சார்!"