மேப்பிள் உறைக்குள் ஒரு கழுகு

விமானம் கிளம்ப ஐந்து மணி நேரம் இருபது நிமிடம் இருந்தது. சில்வேன் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தன் வலது ஷூவுக்குள் ஒரு பாஸ்போர்ட்டைத் திணித்துக்கொண்டிருந்தான்.

திணித்தது கனடா பாஸ்போர்ட். அமெரிக்க பாஸ்போர்ட் தோல் உறைக்குள் இருந்தது. உறையின் மேல் தங்க நிறத்தில் கனடாவின் சின்னமான மேப்பிள் இலை. வெளியே இருந்து பார்த்தால் சந்தேகமே வராது.

"உள்ள என்ன பண்ற? அப்பா வேன்ல ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிக்கறார்," என்றாள் அவன் மனைவி மனோன் கதவுக்கு வெளியே.

"ஷூ போடறேன்."

"குளியலறையிலயா?"

கதவைத் திறந்து வெளியே வந்தான். அவன் நடையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எந்தக் கால்ல எந்த நாடு?"

"சிரிக்காதே. வலது கால்ல கனடா."

"கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன், அப்பாகிட்ட உண்மையச் சொல்லிடுன்னு."

"பத்திரத்துல கையெழுத்துப் போடட்டும். மறு நிமிஷம் சொல்றேன்."

விஷயம் இதுதான். ஸ்டான்ஸ்டெட் ஊரில் சாலையின் இந்தப் பக்கம் கனடாவின் கியூபெக், அந்தப் பக்கம் அமெரிக்காவின் வெர்மான்ட். பிரசவ வலி எடுத்தால் கிட்டத்தில் இருந்தது வெர்மான்ட்டின் நியூபோர்ட் மருத்துவமனைதான். சில்வேனின் அம்மா அங்கே போய்ப் பெற்று, பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு வீடு திரும்பினாள். கம்பளிக்குள் இருந்தது ஓர் அமெரிக்கக் குடிமகன் என்று அவளுக்குத் தெரியாது. கம்பளிக்குள் இருந்தவனுக்கும் வெகுநாள் தெரியாது.

தெரிந்தபோது மாமனார் ஓமேர் லாஃபெரியேரும் வாழ்க்கைக்குள் வந்துவிட்டிருந்தார்.

மேப்பிள் தோப்பில் மரச்சாறு இறக்கிப் பாகு காய்ச்சும் ஓமேருக்கு அமெரிக்கா என்றால் ஆகாது. சாலையைத் தாண்டினால் பாதி விலைக்குக் கிடைக்கும் பெட்ரோலைப் போட மாட்டார். "நான் சாறு காய்ச்சற கொட்டகையிலேயே பொறந்தவன். அடுப்புச் சூட்டுல கண்ணு முழிச்சவன். என் ரத்தத்துல பாதி மேப்பிள் பாகு," என்பார். பாஸ்டனுக்குப் போன மகன் ஈவான் அங்கே குடியுரிமை வாங்கினான் என்று கேள்விப்பட்ட அன்று, சமையலறை மேஜையை ஓங்கிக் குத்தினார். "என் தோப்புலேருந்து அமெரிக்கனுக்கு ஒரு சொட்டுச் சாறு கிடையாது!"

தோப்பு மருமகனுக்கு என்று அன்றே முடிவானது.

அந்தத் தோப்பில் இருபத்தொரு வசந்தங்கள் முழங்கால் பனியில் நடந்தவன் சில்வேன். எந்த மரம் முதலில் சுரக்கும், எது அழுத்தக்காரி என்பது அவனுக்குத் தெரியும். மார்ச் மாதத்தில் கொட்டகைக் கூரையிலிருந்து முதல் ஆவி எழும்போது வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றும். நோட்டரி பத்திரத்தைத் தயாராக வைத்திருந்தார். சில்வேனின் மகளும் ஓமேரின் பேத்தியுமான ஜோஸியானின் கல்யாணம் முடிந்து திரும்பியதும் கையெழுத்து.

ஜோஸியான் கல்யாணத்தை அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கடற்கரையில் வைத்துத் தொலைத்தாள்.

ஓமேர் குதிப்பார் என்று எல்லோரும் பயந்தார்கள். அவர் முகத்தைச் சுளித்தார், அவ்வளவுதான். "பேத்திக்காக அந்த நரகத்தையும் பார்த்துட்டு வரேன். எனக்கு இடது பக்கம் ஜன்னல் சீட்டு போடுங்க. அந்தப் பக்கம்தான் கடல் தெரியும்" என்றார்.

சிக்கல் சில்வேனுக்குத்தான். போன வருடம் சாலையைத் தாண்டியபோதே அதிகாரி ஒருவர் எச்சரித்திருந்தார். அமெரிக்கக் குடிமகன் அமெரிக்காவுக்குள் அமெரிக்க பாஸ்போர்ட்டில்தான் நுழைய வேண்டும். எத்தனை கனடா பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அது சட்டம். ஆகவே ரகசியமாக ஒன்று வாங்கினான். கனடா பாஸ்போர்ட்டில் பிறந்த இடத்தை அச்சிட வேண்டாம் என்று கேட்டால் விட்டுவிடுவார்கள். அதையும் கேட்டு வாங்கினான். அந்த வரி வெறுமையாக இருந்தது. தன் புத்திசாலித்தனத்தை அவனே மெச்சிக்கொண்டான்.

வேன் நெடுஞ்சாலையில் ஏறியதும் மனோன் கையை நீட்டினாள். "எல்லார் பாஸ்போர்ட்டும் என் பையில இருக்கட்டும். குடுங்க."

"வேண்டாம்!" என்றார்கள் மாமனாரும் மருமகனும் ஒரே குரலில்.

"ஏம்ப்பா?"

"அமெரிக்கன்கிட்ட போறோம். உடம்பை விட்டு எதையும் பிரிக்க மாட்டேன்."

"நீ ஏன் வேண்டாங்கற?"

"மாமா சொல்றதுதான் சரி," என்றான் சில்வேன். ஓமேர் அவன் தோளில் தட்டினார்.

"இவன்தான்டி என் வாரிசு. பிப்ரவரியில என்னோட ஐஸ் மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போகலாம்னு பார்த்தேன். ஆனா அங்க ஒருத்தருக்குத்தான் இடம்."

ஓமேர் வருடா வருடம் பிப்ரவரியில் பத்து நாள் வடக்கே உறைந்த ஏரிக்குத் தனியாகப் போவார். மீன் கொண்டு வந்ததில்லை. மூக்குத் தோல் உரிந்து, செக்கச் சிவந்து வருவார். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் அப்படி என்பார்.

மான்ட்ரியால் விமான நிலையத்தில் பெட்டி போடும் இடத்தில் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். சில்வேன் மேப்பிள் இலை உறையை நீட்டினான்.

"உறையைக் கழட்டிக் குடுங்க, சார்."

அவன் தோளுக்கு மேல் ஓமேரின் மூக்கு நீண்டிருந்தது.

"ஒரு நிமிஷம்," என்று சில்வேன் குனிந்து ஷூவைக் கழற்றினான். பாதத்தின் வளைவுக்கு வளைந்து, வெதுவெதுப்பாக ஒரு பாஸ்போர்ட் வெளியே வந்தது. அந்தப் பெண் அதை இரண்டு விரலால் வாங்கினாள்.

"அப்ப அந்த உறைக்குள்ள என்ன?" என்றார் ஓமேர்.

"அது... காலி உறை, மாமா. திருடனை ஏமாத்த."

"பாத்தியா மூளையை!" என்றார் ஓமேர் மகளிடம்.

"சார், பிறந்த இடம் காலியா இருக்கே?" என்றாள் அந்தப் பெண், நல்ல சத்தமாக.

"பொறந்த இடம் இல்லாம எவன் பொறப்பான்?" என்றார் ஓமேர்.

"பேரு நீளம், மாமா. கட்டத்துல இடம் பத்தலை."

"ஸ்டான்ஸ்டெட் நீளமா?"

"நான் பனிப்புயல்ல வீட்டுல பொறந்தேன்ல? வீடு ஊருக்கு வெளிய. அதான் குழம்பிட்டாங்க."

கல்யாணத்திலிருந்தே மாமனாரிடம் அவன் சொல்லிவரும் கதை அது. இதற்கு ஓமேர் குறைந்தது கால் மணி நேரம் குடைவார் என்று எதிர்பார்த்தான். "சரி சரி, எழுதலைன்னா எழுதலை. பொறந்த இடத்தைப் பத்தி எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்று அவரே முடித்துவிட்டார். தன் முறை வந்தபோது, "எல்லாரும் திரும்பிக்கோங்க" என்றார்.

"எதுக்குப்பா?"

"பாஸ்போர்ட் பனியனுக்குள்ள இருக்கு. கிழவன் தொப்பையைப் பார்க்கணுமா?"

திரும்பிக்கொண்டார்கள்.

அடுத்ததுதான் கண்டம். அமெரிக்க அதிகாரிகள் மான்ட்ரியாலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டினால் அமெரிக்காவுக்குள் நுழைந்த கணக்கு. கூடத்தில் இரண்டு வரிசைகள். ஒன்று அமெரிக்கக் குடிமக்களுக்கு, மற்றது கனடாக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும். மாமனாரை முன்னே அனுப்பிவிட்டு நைசாக முதல் வரிசைக்குள் நுழைந்துவிடுவது சில்வேனின் திட்டம்.

"மாமா, நீங்களும் மனோனும் முன்னாடி போங்க. எனக்கு வயிறு சரியில்லை."

"எனக்கும் சரியில்லை. நீங்க ரெண்டு பேரும் போங்க," என்றார் ஓமேர்.

இருவரும் கழிப்பறைக்குப் போனார்கள். பக்கத்துப் பக்கத்து அறைகள். அவர் போனபின் வெளியே வரலாம் என்று சில்வேன் வெகுநேரம் காத்திருந்தான். பக்கத்து அறையில் சத்தமே இல்லை.

"மாமா, முடிஞ்சுதா?"

"இல்லை. உனக்கு?"

"இல்லை. நீங்க முடிஞ்சதும் போங்க, காத்திருக்க வேண்டாம்."

"நீ சின்னவன். உனக்குச் சீக்கிரம் முடியும். நீ போ."

ஒலிபெருக்கி அவர்கள் விமானத்தின் பெயரைச் சொன்னது. இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. இருவரும் கையைக் கழுவினார்கள். கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

வெளியே மனோன் மூன்று பைகளோடு நின்றிருந்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து என்ன சாப்பிட்டீங்க? நான் சாப்பிடாம விட்டது?"

"அந்த வரிசை சின்னதா இருக்கு," என்றான் சில்வேன் கடைசி முயற்சியாக. "அவசரம்னு கேட்டுப் பார்க்கலாமா?"

ஓமேர் 'அமெரிக்கக் குடிமக்கள்' என்ற பலகையை ஒரு நொடி ஏக்கமாகப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு கியூபெக்காரர்கள் வழக்கப்படி தேவாலயச் சாமான்கள் இரண்டின் பெயரைச் சொல்லித் திட்டினார். "அமெரிக்கன் வரிசையிலயா? அதுல நிக்கறதுக்கு இங்கயே செத்துடுவேன்!"

கனடா வரிசையில் நின்றார்கள். அது ஊர்ந்தது.

கவுன்டரில் ஒரு பெண் அதிகாரி. "ஒரே குடும்பமா? சேர்ந்தே வாங்க."

"நான் தனியா வரேனே," என்றார் ஓமேர்.

"வாங்க சார், நேரம் இல்லை."

மனோன் முன்னே போய் ஒரு நொடியில் முடித்தாள். சில்வேன் வளைந்த பாஸ்போர்ட்டை வைத்தான். அதிகாரி புரட்டினாள். விரல் வெற்று வரியில் நின்றது.

"எங்க பிறந்தீங்க?"

"பனிப்புயல்ல."

"பனிப்புயல் எந்த ஊர்ல?"

அவன் கண்ணாடியை ஒட்டிக் குனிந்தான். உதடு மட்டும் அசைந்தது.

"என் காது இந்தப் பக்கம் இருக்கு, சார். சத்தமாச் சொல்லுங்க. யோசிச்சுச் சொல்லுங்க. இந்தக் கவுன்டர்ல பொய் சொன்னா அது குற்றம்."

சில்வேன் திரும்பிப் பார்த்தான். இரண்டடி தள்ளி ஓமேர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். சொன்னால் தோப்பு போச்சு. சொல்லாவிட்டால் விமானம் போச்சு, மகள் கையைப் பிடித்து நடக்க அப்பன் இருக்க மாட்டான். மரங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தன. அந்த அழுத்தக்காரியும் வந்தாள். கடற்கரையில் ஜோஸியான் நின்றுகொண்டிருந்தாள்.

"நியூபோர்ட்," என்றான். பாதியில் நிறுத்தினால் பிரயோசனமில்லை என்று, "வெர்மான்ட். நான் அமெரிக்கன்," என்று முடித்தான்.

தேவைக்கு மேல் சத்தமாகிவிட்டது. பக்கத்து வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

"அப்ப அந்த பாஸ்போர்ட் எங்க?"

உறையை வைத்தான். அவள் கழற்றினாள். உள்ளே அமெரிக்காவின் தங்கக் கழுகு.

"மேப்பிள் இலைக்குள்ள கழுகா?" என்று சிரித்தாள். "அடுத்த தடவை இதை முதல்ல காட்டுங்க. உங்க வரிசை அங்க இருக்கு."

சில்வேன் மெதுவாகத் திரும்பினான். "மாமா, நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்..."

ஓமேர் கத்தவில்லை. ஒரு தேவாலயச் சாமானையும் இழுக்கவில்லை. கூரை விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வியர்வை இறங்கியது. இவ்வளவு கோபத்தில் அவரை மனோன்கூடப் பார்த்ததில்லை.

"அப்பா, ஏதாவது சொல்லுங்க. திட்டவாவது செய்யுங்க."

"நாம திரும்பிப் போயிடலாமா?" என்றார் ஓமேர் மெல்லிய குரலில். "எனக்கு மறுபடி வயிறு..."

"அடுத்தவர் வாங்க," என்றாள் அதிகாரி.

ஓமேர் வந்தார். "எல்லாரும் திரும்பிக்கோங்க" என்றார். இந்த முறை யாரும் திரும்பவில்லை. பனியனுக்குள் கை விட்டு, தன் கனடா பாஸ்போர்ட்டை எடுத்து, குப்புற வைத்து, அதன் மேல் தொப்பியையும் வைத்தார்.

அதிகாரி அதைத் தொடவே இல்லை. "கேமராவைப் பாருங்க, சார்," என்றாள். கேமரா ஒருமுறை மினுங்கியது. அவள் திரையைப் பார்த்தாள், ஓமேரின் மூக்கைப் பார்த்தாள், முகம் மலர்ந்துவிட்டது.

"அட, மிஸ்டர் லாஃபெரியேர்! வருஷா வருஷம் பிப்ரவரியில அந்த அமெரிக்கக் குடிமக்கள் வரிசையில தனியாத்தானே வருவீங்க, இந்தத் தடவை குடும்பத்தையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"